கம்பம் சாயலைங்க

போன ஐப்பசியில ரெண்டு நாள் விடாத மழை. மூணாம் நாள் காலையில மாட்டுக்குச் சோளத்தட்டு அள்ளிப் போட்டுட்டு நிமிர்ந்தேன். தோட்டத்து முனையில நிக்கற மின்கம்பம் நடுவுல வளைஞ்சு தெரிஞ்சுது. சிமெண்டுக் கம்பம், அது எப்படி வளையும்னு அப்பத் தோணலை. மழைக்கு மண்ணு இளகி அடி சாஞ்சிருச்சுன்னு நினைச்சேன். கம்பிக்குக் கீழதான் மாடு கட்டறது. அறுந்து விழுந்தா என்ன ஆகும்? உடனே லைன்மேனுக்குப் போன் பண்ணிட்டேன்.

சாயங்காலம் வண்டியில வந்தார். கம்பத்தை இந்தப் பக்கம் நின்னு பார்த்தார், அந்தப் பக்கம் நின்னு பார்த்தார், கையில தட்டிப் பார்த்தார். "ஏனுங்ணா, கம்பம் தூக்குக்குண்டு விட்ட மாதிரி நிக்குதுங்க. எங்கீங்க சாஞ்சிருக்குது?" நான் விரலை நீட்டிக் காட்டினேன். அவர் கம்பத்தைப் பார்க்கலை, என்னைப் பார்த்தார். "ஒரு கண்ணை மூடிட்டுப் பாருங்க"ன்னார். இடது கண்ணை மூடினேன். கம்பம் நேரா இருந்துது. வலது கண்ணை மூடினேன். கம்பம் வளைஞ்சுது. பக்கத்துத் தென்னையும் வளைஞ்சுது. அவர் மூஞ்சி கூட ஒரு பக்கமா இழுத்துக்கிட்ட மாதிரி இருந்துது. "கம்பம் சாயலைங்க. கோயமுத்தூர் போய்க் கண்ணைக் காட்டுங்க"ன்னு சொல்லிட்டு, டீ கூடக் குடிக்காமப் போயிட்டார்.

போன வருஷம் எங்ககிட்ட சின்ன வெங்காயம் வாங்கின பல பேர், இந்தத் தடவை ஏன் அனுப்பலை, மூணு மாசமா ஏன் ஒண்ணும் எழுதலைன்னு கேட்டிருந்தீங்க. எல்லாருக்கும் "உடம்பு சரியில்லைங்க"ன்னு ஒரு வரி போட்டேன். முழுசாச் சொல்லணும்னா இதுதான் கதை. போன்ல எழுத்தைப் பெருசா வெச்சு ஒரே கண்ணுல பார்த்து எழுதறேன். பிழை இருந்தாப் பொறுத்துக்கோங்க.

எனக்கு 54 வயசு. சர்க்கரை வந்து 11 வருஷம் ஆச்சு. எங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல மாசாமாசம் மாத்திரை வாங்கிக்குவேன். அங்க இருக்கற டாக்டர் வருஷா வருஷம் சொல்வார், "கண்ணைக் காட்டிட்டு வாங்க, சர்க்கரை கண்ணுல சத்தமில்லாம வேலை செய்யும்"னு. நானும் வருஷா வருஷம் இந்த வெள்ளாமை முடியட்டுங்கன்னு சொல்வேன். வெள்ளாமை என்னைக்கு முடிஞ்சுது? முருங்கை முடிஞ்சா வெங்காயம், வெங்காயம் முடிஞ்சா மக்காச்சோளம். கண்ணு நல்லாத்தானே தெரியுது, இதுல காட்டறதுக்கு என்ன இருக்குதுன்னு ஒரு நினைப்பு வேற.

தாராபுரத்துல இருந்து கோயமுத்தூருக்குப் பஸ்ஸுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணுல சொட்டு விட்டு, ஒரு மெஷின்ல தாடையை வெக்கச் சொல்லிப் படம் எடுத்தாங்க. டாக்டரம்மா அந்தப் படத்தைத் திருப்பிக் காட்டினாங்க. மண்ணைக் குழி வெட்டிப் பார்த்தா அடுக்கடுக்காத் தெரியுமில்ல, அந்த மாதிரி விழித்திரை தெரிஞ்சுது. வலது கண்ணுல நடுவுல ஒரு சின்னப் பள்ளம். அப்படித்தான் இருக்கணுமாம். இடது கண்ணுல பள்ளம் இருக்க வேண்டிய இடத்துல மேடு. அதுக்குள்ள கருப்புக் கருப்பா நீர்க் கொப்புளம்.

"தோட்டத்துல சொட்டுநீர் போட்டிருக்கீங்களா?"ன்னு கேட்டாங்க. முருங்கைக்குப் போட்டிருக்கேன்னு சொன்னேன். "பழைய குழாய் வெயில்ல வெடிச்சு அங்கங்க கசியுமில்லீங்களா, அதேதான். சர்க்கரையால உள்ள ரத்தக்குழாய் பலமிழந்து நீர் கசியுது. பார்வையோட நடு இடம் ஊறி வீங்கிருச்சு. அதனாலதான் நேரா இருக்கறதெல்லாம் கோணலாத் தெரியுது"ன்னாங்க. விவசாயி வீட்டுப் பொண்ணா இருக்கணும். நான் கேட்டுக்கலை.

கசிவை நிறுத்தக் கண்ணுக்குள்ளயே ஊசி போடணும்னதும் அடிவயிறு கலங்கிருச்சு. மாத்திரையில ஆகாதான்னு கேட்டேன். ஆகாதுன்னாங்க. அப்புறம் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டேன். தென்னைக்கு ஈரியோபைட் சிலந்தி வந்தப்ப மரம் பூராவுமா மருந்தடிச்சோம்? ஒரு வேரைச் சீவிப் பையில மருந்து கட்டித்தானே விட்டோம். மாசம் ஒண்ணு, முதல்ல மூணு ஊசி போட்டுப் பார்க்கலாம்னு முடிவாச்சு.

ஊசிக்கு முன்னால ஒரு தாள் குடுத்தாங்க. தமிழ்லதான் இருந்துது. சிஸ்டர் வேகமா வாசிச்சாங்க. வெள்ளை விழியில ரத்தம் கட்டலாம், உறுத்தலாம், புள்ளி மிதக்கலாம், கண் அழுத்தம் கூடலாம், புரை விழலாம், விழித்திரை கிழியலாம், கிருமி போகலாம், பார்வை போகலாம், அபூர்வமா மாரடைப்பும் பக்கவாதமும் வரலாம். எல்லாம் ஒரே அளவு எழுத்து. எது அடிக்கடி வர்றது, எது ஆயிரத்துல ஒருத்தருக்கு வர்றது, எது தானாப் போயிரும், எது கண்ணையே கொண்டு போயிரும்னு அந்தத் தாளைப் பார்த்துத் தெரியாது. பயிர்க்கடன் தாள்ல போடற மாதிரி, அவங்க விரல் வெச்ச இடத்துல கையெழுத்துப் போட்டேன். டாக்டரம்மா மட்டும், சமீபத்துல மாரடைப்பு, வாதம் ஏதாவது வந்துதான்னு ரெண்டு தடவை கேட்டாங்க. பிரஷரும் பார்த்தாங்க.

ஊசி நாம பயப்படற மாதிரி இல்லைங்க. மரத்துப் போறதுக்குச் சொட்டு விடறாங்க. பழுப்பு நிறத்துல அயோடின் மருந்தால இமை, இமை முடி எல்லாம் துடைச்சு, கண்ணுக்குள்ளயும் விடறாங்க. இமை மூடாம இருக்க ஒரு கம்பிக் கிளிப். கருவிழி ஓரத்துல இருந்து 4 மில்லிமீட்டர் அளந்து குறி வெச்சு, தலைமுடி மாதிரி ஒரு ஊசி. கட்டை விரலால அழுத்தின மாதிரி ஒரு கனம், அவ்வளவுதான். மருந்து 0.05 மில்லி, ஒரே ஒரு சொட்டு. பத்து லிட்டர் டேங்குக்கு மூடியில அளந்து ஊத்தற நமக்கு இதெல்லாம் ஒரு அளவான்னு தோணும். எடுத்த உடனே விரலைக் காட்டி எத்தனைன்னு கேட்டாங்க. மருந்து உள்ள போனதும் கண் அழுத்தம் சட்டுனு ஏறுமாம். விரல் தெரிஞ்சா ரத்த ஓட்டம் இருக்குதுன்னு அர்த்தமாம்.

கிளம்பறப்ப சிஸ்டர் சொன்னாங்க. "அய்யா, கொஞ்ச நாளைக்குக் கண்ணுல தண்ணி படக் கூடாது, கசக்கக் கூடாது, தூசியில நிக்கக் கூடாது. சொட்டு மருந்தை விடாமப் போடுங்க. வலி கூடினாலோ பார்வை குறைஞ்சாலோ அன்னைக்கே வந்திரணும். அடுத்த நாள்னு இருக்காதீங்க." தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்.

மறுநாள் காலையில கண்ணாடியில பார்த்தா இடது கண்ணு ரத்தக்காடு. வெள்ளை விழியில பாதி, மிளகாய்ப்பழம் மாதிரி. வீட்டம்மா பார்த்துட்டு "அய்யோ சாமி"ன்னு உக்காந்துட்டா. பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா வந்து, தாய்ப்பால் ரெண்டு சொட்டு விடு, எல்லாஞ் சரியாப் போகும்னாங்க. இன்னொருத்தர் விளக்கெண்ணெய்ன்னார். நந்தியாவட்டைப் பூவும் வந்துது. அதுல மட்டும் என் வீட்டம்மா கெட்டியா நின்னா. ஆஸ்பத்திரியில குடுத்த சொட்டைத் தவிர வேற ஒண்ணும் கண்ணுப் பக்கம் வரக்கூடாதுன்னுட்டா. அடிச்சுப் பிடிச்சு மறுபடி கோயமுத்தூருக்கு ஓடினோம். முருங்கைக்காய் பறிக்க வந்த ஆளுங்களை அப்படியே திருப்பி அனுப்பிட்டு ஓடினோம்.

டாக்டரம்மா ஒரு நிமிஷம்தான் பார்த்தாங்க. "வலி இருக்குதா?" இல்லை. "பார்வை நேத்தைக்கு இன்னைக்குக் குறைஞ்சிருக்குதா?" இல்லை. "அப்ப ஒண்ணுமில்லீங்க. ஊசி போனப்ப மேல்தோல்ல ஒரு பொடி நரம்பு கிழிஞ்சிருக்குது. கையில அடிபட்டாக் கன்னிப் போகுமில்ல, அது மாதிரி. ரெண்டு வாரத்துல போயிரும்." சொன்ன மாதிரியே போயிருச்சு. ஆனா அன்னைக்குப் போன கூலி, பஸ் செலவு, ஆளுங்க முன்னால பட்ட வெக்கம் எல்லாம் மனசுல தங்கிருச்சு. ரெண்டாவது ஊசி மார்கழியில. அந்தத் தடவை கண்ணுக்குள்ள கரும்புள்ளி ஒண்ணு குண்டு மாதிரி உருண்டுது. காத்துக் குமிழியாம். ரெண்டு நாள்ல கரைஞ்சிருச்சு. நான் அசையவே இல்லை. நாம தேறிட்டோம்னு நினைச்சுக்கிட்டேன்.

கம்பமும் அதுக்குள்ள பாதி நேராயிருச்சு. உண்மையைச் சொல்லணும். மருந்து வேலை செஞ்சுது.

மூணாவது ஊசி, மாட்டுப் பொங்கல் முடிஞ்ச அடுத்த திங்கக்கிழமை. இங்கதான் நான் பண்ணின தப்பு. வெங்காயம் பிடுங்கற பருவம் வந்திருச்சு. ரெண்டு ஏக்கர். வியாபாரி சனிக்கிழமை லாரி அனுப்பறேன்னுட்டார், விலையும் பேசியாச்சு. புதன்கிழமைக்கு 12 பொம்பளையாளுக் கிடைச்சாங்க. இப்ப ஆள் கிடைக்கறது எவ்வளவு கஷ்டம்னு இங்க தோட்டம் வெச்சிருக்கறவனுக்குத்தான் தெரியும். அவங்களை விட்டுட்டா அடுத்து என்னைக்கு வருவாங்கன்னு சொல்ல முடியாது. நான் வீட்டுக்குள்ளதான் இருந்திருக்கணும். செவ்வாய்க்கிழமை காலையிலயே கட்டுத்தரைக்குப் போய்ப் பால் கறந்தேன். அந்த மாடு என் கைக்குத்தான் சுரக்கும். புதன்கிழமை காட்டுல நின்னேன். தாள் அறுக்கறப்ப பறக்கற தூசியைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். வேர்வையைத் துண்டுல துடைச்சேன். அந்தத் துண்டு எந்தத் துண்டு, எங்க கிடந்த துண்டுன்னு இப்ப யோசிச்சு என்ன பண்ண?

வியாழக்கிழமை காலையில எந்திரிக்கறப்பவே இடது கண்ணுக்குள்ள கனம். உறுத்தல் இல்லை, அது வேற. அயோடின் மருந்து எரிச்சல் ஊசி போட்ட ராத்திரி மணல் போட்ட மாதிரி இருக்கும், மறுநாள் அடங்கிரும். இது உள்ளுக்குள்ள இருந்து பல்வலி மாதிரி வந்துது. வெளிச்சம் பட்டாக் கூசுச்சு. கண்ணு சிவந்திருந்துது, ஆனா முதல் தடவை அளவுக்குக் கூட இல்லை. அதுதாங்க என்னை ஏமாத்திருச்சு. அத்தனை சிவப்பே ஒண்ணுமில்லைன்னாங்க, இது அதுல கால்வாசி கூட இல்லையே. மறுபடி ஓடி, மறுபடி ஒண்ணுமில்லீங்கன்னு சொல்லக் கேட்டுட்டு வரணுமா? ஒரு வலி மாத்திரை போட்டுட்டுக் காட்டுக்குப் போயிட்டேன்.

வெள்ளிக்கிழமை வானம் மோடம் போட்டிருச்சு. தை மாசத்துல மழையா வரப்போகுதுன்னு பேசிக்கிட்டோம். இருந்தாலும் பட்டறை போட்டு மூடற வரைக்கும் பயம்தான். சாயங்காலம் திண்ணையில உக்காந்திருந்தேன். வீட்டம்மா வந்து முன்னால நின்னா. "ஏனுங்க, ரெண்டு நாளா ஒரு கண்ணைச் சுருக்கிட்டே இருக்கறீங்க. என்னன்னு சொல்லுங்க"ன்னா. ஒண்ணுமில்லை புள்ள, தூசின்னேன். அவ ஒண்ணும் பேசாம, வெங்காய வாசம் அடிக்கற கையால என் வலது கண்ணைப் பொத்தினா.

"எத்தனை விரலுங்க?"

"மொதல்ல கையைக் காட்டு."

"காட்டிட்டுத்தானுங்க நிக்கறேன்."

பங்காளி வீட்டுப் பையன் கார் எடுத்தான். களத்துல குவிச்ச வெங்காயத்து மேல தார்ப்பாயை இழுத்துப் போட்டுட்டு, பாதி மூடியும் மூடாமலும் கிளம்பினோம். பல்லடம் தாண்டறப்ப கண்ணாடியில தூறல் விழுந்துது. யாரும் வெங்காயத்தைப் பத்திப் பேசலை.

ராத்திரி டூட்டியில ஒரு சின்ன வயசு டாக்டர் இருந்தார். டார்ச் அடிச்சுப் பார்த்த உடனே யாருக்கோ போன் போட்டார். கருவிழிக்குள்ள அடியில வெள்ளையா ஒரு கோடு படிஞ்சிருந்துதாம். தயிர் தங்கின மாதிரின்னு வீட்டம்மா அப்புறம் சொன்னா. சீழ். கண்ணுக்குள்ள கிருமி இறங்கிருச்சு. அதுக்கு எண்டாப்தால்மைட்டிஸ்னு பேரு. டாக்டரம்மா வீட்டுல இருந்து வந்தாங்க. "வலி எப்பருந்து?"ன்னு கேட்டாங்க. நேத்துக் காலையில இருந்துன்னேன். அவங்க திட்டலை. அதை அப்படியே தாள்ல எழுதினாங்க. திட்டியிருந்தாத் தேவலைன்னு இருந்துது.

அன்னைக்கு ராத்திரியே கண்ணுக்குள்ள இருந்து கொஞ்சம் நீரை ஊசியில உறிஞ்சிப் பரிசோதனைக்கு அனுப்பிட்டு, ரெண்டு கிருமிநாசினி மருந்தைக் கண்ணுக்குள்ள போட்டாங்க. வான்கோமைசின், செஃப்டாசிடிம். அந்த ஊசி வலிச்சுது, மறைக்க வேண்டியதில்லை. அப்புறம் மணிக்கொரு தடவை சொட்டு. வீட்டம்மா ராத்திரி பூராவும் போன்ல அலாரம் வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அடங்கலைன்னா ஆபரேஷன் பண்ணிக் கண்ணுக்குள்ள இருக்கற கூழை எடுக்க வேண்டி வரும்னு சொல்லியிருந்தாங்க. மூணாம் நாள் சீழ் குறைஞ்சுது. பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். கண்ணு தப்பிச்சுது. பார்வை முழுசாத் தப்பிக்கலை. இடது கண்ணுல இப்போ ஆள் தெரியுது, யாருன்னு தெரியாது. இன்னும் கொஞ்சம் தெளியலாம்னு சொல்லியிருக்காங்க.

வெங்காயம் களத்துலயே நனைஞ்சு அழுகிருச்சு. லாரி வந்துட்டு வெறுமனே திரும்பிப் போச்சு.

மச்சான் வந்தார். "கேஸ் போடலாங்க மாப்ளே, சும்மா விடக்கூடாது"ன்னார். எனக்கும் கோவம் இருந்துது. டாக்டரம்மாகிட்ட நேராவே கேட்டேன், யார் தப்புங்கம்மான்னு. அவங்க சொன்னதைச் சொல்றேன். இந்த ஊசி போடற இடத்துலயெல்லாம், எவ்வளவு சுத்தமாப் போட்டாலும், ஏறக்குறைய ரெண்டாயிரம் மூவாயிரம் ஊசிக்கு ஒண்ணுல இது வருதாம். பரிசோதனையில வந்தது, நம்ம தோல்லயும் இமையிலயும் எப்பவும் குடியிருக்கற ஒரு கிருமி. வெளிய இருக்கற வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. ஊசியோட உள்ள போச்சா, அப்புறம் ஊசித் துளை வழியாப் போச்சா, யாராலயும் சொல்ல முடியாது. அன்னைக்கு அதே மருந்து போட்டுக்கிட்ட மத்தவங்களுக்கு ஏதாவது ஆச்சான்னும் கேட்டேன். யாருக்கும் இல்லைன்னாங்க.

எனக்கு இது புதுசு இல்லைங்க. மாட்டுக்கு மடிநோய் வந்தாக் காம்புக்குள்ள மருந்துக் குழாயை வெச்சு அழுத்தறோம். ஒவ்வொரு தடவையும் மாட்டு டாக்டர் கத்துவார், "மருந்து அப்புறம், முதல்ல காம்பு நுனியைப் பஞ்சு வெச்சுத் துடைங்க, இல்லாட்டி அழுக்கையும் சேர்த்து உள்ள தள்ளிருவீங்க"ன்னு. கண்ணுல அயோடின் விடறது அதுக்குத்தான். அந்த எரிச்சலைத் திட்டிக்கிட்டே போட்டுக்கிட்டவன் நான். மாட்டுக்குத் தெரிஞ்ச நியாயத்தை என் கண்ணுக்குப் பொருத்திப் பார்க்கலை. மச்சானுக்கு வேற பதில் சொல்லலை, கேஸ் வேண்டாம்னு மட்டும் சொல்லிட்டேன். அவருக்கு இன்னும் வருத்தம்தான்.

ராத்திரியில வேற ஒண்ணு அரிச்சுது. ரெண்டு மூணு மருந்து சொன்னாங்க, நான் விலை குறைஞ்சதை எடுத்துக்கிட்டேன். பெவாசிசுமாப். காசைப் பார்த்துக் கண்ணைத் தொலைச்சிட்டமான்னு. திருப்பூர்ல இருக்கற மகள்கிட்டக் கேட்டேன். அவ மருந்துக்கடையில வேலை பார்க்கறா. ரெண்டு நாள் தேடிப் படிச்சுட்டு வந்து சொன்னா. "அப்பா, அது மொதல்ல கண்ணு மருந்தே இல்லீங்க. பெருங்குடல் புத்துநோய்க்கு 2004ல அமெரிக்காவில அனுமதி குடுத்த மருந்து. கட்டி வளரப் புது ரத்தக்குழாய் வேணுமில்ல, அதை வளர விடாமத் தடுக்கறது. அதே வேலையைக் கண்ணுக்குள்ள செய்யும்னு டாக்டருங்க போட ஆரம்பிச்சாங்க." கண்ணுக்குன்னே செஞ்ச ராணிபிசுமாப் 2006லயும், அஃப்லிபர்செப்ட் 2011லயும் வந்துதாம். அதெல்லாம் விலை பல மடங்கு. வயசானவங்களுக்கு வர்ற விழித்திரை நோய்க்கு ராணிபிசுமாபும் இதுவும் ஏறக்குறைய ஒரே பலன்தான்னு 2011ல அமெரிக்காவில ஒரு பெரிய ஆராய்ச்சி சொல்லிச்சாம்.

சிக்கல் எங்கன்னா, புத்துநோய்க்கு வர்ற பெரிய புட்டியைப் பல சொட்டாப் பிரிச்சுத்தான் கண்ணுக்குப் போடறாங்க. பிரிக்கற இடம் சுத்தமில்லைன்னா, இல்லை மருந்தே போலின்னா, ஒரே நாள்ல பல கண்ணு போயிரும். குஜராத்தில அப்படி 15 பேருக்குப் பாதிச்சதுல, 2016 ஜனவரியில இந்த மருந்தைக் கண்ணுக்குப் போட வேண்டாம்னு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விட்டுது. மார்ச்சுல அதை விலக்கிக்கிச்சு. என்கூட அன்னைக்குப் போட்டுக்கிட்ட யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்கறதால, மருந்தைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரலை. விலை அதிகமான ஊசியிலயும் இதே கிருமி போகத்தான் செய்யும்னு மகள் சொன்னா. ஸ்டீராய்டு மருந்தும் ஒண்ணு இருக்குது, கண்ணுக்குள்ள போடறதுதான். அதுல கண் அழுத்தமும் புரையும் வர்றது கூடுதல்னு டாக்டரம்மா முன்னாலயே சொல்லியிருந்தாங்க.

இதெல்லாம் முடிஞ்சு மாசியில போனப்ப வலது கண்ணைப் படம் எடுத்தாங்க. அந்தச் சின்னப் பள்ளத்துல இப்போ மேடு தட்ட ஆரம்பிச்சிருந்துது. ஊசி போடணும்னாங்க.

திரும்பி வர்ற பஸ்ஸுல வீட்டம்மா வாயே திறக்கலை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டறப்பக் கேட்டா. "இருக்கறது ஒரு கண்ணு. அதையும் குத்திக் கெடுத்துக்கோணுங்களா?" எனக்கு அந்த நேரத்துல பதில் இல்லை. ஒரு வாரம் யோசிச்சேன். கொரங்காட்டுல மாட்டை விட்டுட்டுக் கிளுவை வேலி ஓரமா உக்காந்து யோசிச்சேன். ஊசி போட்டா மூவாயிரத்துல ஒண்ணு கெட்டுப் போகலாம். போடலைன்னா? டாக்டரம்மாகிட்டக் கேட்டிருந்தேன். சர்க்கரை இதே மாதிரி இருந்து கசிவும் நிக்கலைன்னா, நடுப்பார்வை வருஷத்துக்கு வருஷம் குறைஞ்சுட்டே போகும்னாங்க. மூவாயிரம் முருங்கை நட்டா அதுல ஒண்ணு பட்டுப் போகும்னு யாராவது நடாம இருக்கறமா? ஆனா முருங்கைக்கு இந்தக் கணக்குச் சுலபம். பட்டுப்போன அந்த ஒண்ணு நானாவே இருந்தவன். மறுபடி அதே வரிசையில நிக்க மனசு வரலை.

கடைசியில வீட்டம்மாதான் முடிவு பண்ணினா. போலாம், ஆனா நான் சொல்றபடி இருக்கணும்னா. அந்தத் தாளை எடுத்து வெச்சுக்கிட்டு, மகளைப் போன்ல வாசிக்கச் சொல்லி, தமிழ்ல இருந்த ஒவ்வொரு வரிக்கும் இது தானாப் போறதா, ஓடிப் போக வேண்டியதான்னு கேட்டு, பேனாவுல குறி போட்டா. ரத்தம் கட்டறது, மணல் போட்ட உறுத்தல், ஒண்ணு ரெண்டு புள்ளி மிதக்கறது, இதுக்கெல்லாம் ஒரு சுழி. நேரம் ஆக ஆகக் கூடற வலி, குறையற பார்வை, வெளிச்சம் கூசறது, புதுசா மின்னல் அடிக்கறது, கருப்புத் திரை இறங்கறது, இதுக்கெல்லாம் பெருக்கல் குறி. அஞ்சாங்கிளாஸ் படிச்சவ. நான் கையெழுத்துப் போட்ட தாளை அவதான் முழுசாப் படிச்சா.

பங்குனியில வலது கண்ணுக்கு முதல் ஊசி. மறுநாள் கண்ணு மிளகாய்ப்பழம். பெரியம்மா பார்த்துட்டுத் தாய்ப்பாலுன்னு ஆரம்பிச்சாங்க, வீட்டம்மா பார்த்த பார்வையில நிறுத்திக்கிட்டாங்க. நாங்க ஓடலை. தினமும் காலையில என்னைத் திண்ணையில உக்கார வெச்சு, இடது கண்ணைப் பொத்தி, எதிர் சுவத்துல இருக்கற காலண்டர் தேதியைப் படிக்கச் சொன்னா. அப்புறம் ஜன்னல் கம்பி நேரா இருக்குதான்னு கேட்டா. அஞ்சு நாள் கட்டுத்தரைப் பக்கம் விடலை. மாடு முதல் நாள் உதைச்சுது, ரெண்டாம் நாள் அவ கைக்குச் சுரந்துருச்சு. பத்து வருஷமா என் கைக்குத்தான் சுரக்கும்னு சொல்லிட்டு இருந்தேன்.

மூணு மாசச் சர்க்கரை 9.8ல இருந்து 8.1க்கு வந்திருக்குது. இன்னும் இறங்கணுமாம். காலையில பழைய சோறு நின்னுருச்சு, கம்பங்கூழும் அளவோடதான். லைன்மேன் போன வாரம் வந்தார், மீட்டர் பார்க்க. "இப்ப எப்படீங்ணா, கம்பம் நேராயிருச்சுங்களா?"ன்னு கேட்டார். வலது கண்ணுல நேரா இருக்குதுன்னேன். இடது கண்ணுல வளைவு தெரியறதில்லை, கம்பமே மூடுபனிக்குள்ள நிக்கற மாதிரி இருக்குது. அதை அவர்கிட்டச் சொல்லலை. இந்தத் தடவை டீ குடிச்சுட்டுத்தான் போனார்.

அடுத்த ஊசி வர்ற வியாழக்கிழமை. முருங்கை பறிக்கற ஆளுங்களை அதுக்கு அடுத்த வாரத்துக்கு வரச் சொல்லியாச்சு. வைகாசிப் பட்டத்துக்கு வெங்காயம் போடலை, அதனால யாரும் சொல்லி வெக்க வேண்டாம். முருங்கைக்காய் வேணும்கறவங்க எழுதுங்க. பதில் மகள்தான் போடுவா, ஒரு வாரத்துக்கு நான் போனைத் தொடக் கூடாதாம்.